ஒன்பது மைக்ரோ செகண்ட்

இராஜபாளையம்
9 ஜூன் 2025

வல்லிக்கு,

உறையின் பின்பக்கம் என் பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் பிரிக்காமலே கிழித்திருப்பாய். இப்போது கையெழுத்தைப் பார்த்ததும் கை பரபரக்கும். இந்தப் பக்கம் முடிகிற வரைக்குமாவது பொறு.

என் நம்பரை நீ தடுத்து வைத்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. அதனால்தான் தபால். நான் பெங்களூரில் இல்லை, ஊரில்தான் இருக்கிறேன். தீசிஸ் எழுத நம் கைடு சார் மூன்று மாதம் விட்டிருக்கிறார். அப்பாவின் பேண்டேஜ் துணி யூனிட்டுக்கு மேல்மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், கீழே தறி ஓடிக்கொண்டே இருக்கிறது. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் உன் வீடு. போன வாரம் ஏறவும் செய்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, உன் தெரு வரைக்கும் வந்து, திரும்பிப் போய் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "இதுக்கா இம்புட்டு வெயில்ல போன?" என்று அப்பா கேட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். தீசிஸின் மூன்றாம் அத்தியாயம் நீ செய்த சிப்பைப் பற்றியது. நீ போன பிறகு சார் அதை என்னிடம் கொடுத்துவிட்டார் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். வாசிக்கும் பவரைக் கூட்டக் கூட்ட க்யூபிட்டின் ஆயுள் குறைகிறது, ஆகவே இந்த மாதிரி ஃபில்டர் மட்டும் போட்டால் போதாது என்று எழுதியிருக்கிறேன். அதைப் பத்திரிகைக்கும் அனுப்பினோம். படித்துப் பார்த்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "உங்கள் வரைபடம் ஏன் இந்த இடத்தோடு நின்றுவிட்டது?"

எனக்குப் பதில் தெரியவில்லை வல்லி. ஒரே குழப்பமாக இருக்கிறது. 2022 ஜூலை கடைசி வாரமும் ஆகஸ்ட் முதல் வாரமும் உன் நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் தெளியும் என்று தோன்றுகிறது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவாயா?

கேட்க எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

பொன்மணி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
15 ஜூன் 2025

செல்வி பொன்மணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நாலு நாள் பயணம் செய்து பத்திரமாக வந்து சேர்ந்தது. நடந்து வந்திருந்தால் ஒரு பகலில் வந்திருக்கும். "இந்தக் காலத்துல யாரு தாயி லெட்டர் போடுறா? எதும் சம்பந்தம் பேசுற விசயமா?" என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். இல்லை, நோட்டு இரவல் கேட்கிறார்கள் என்றேன்.

நோட்டு தர முடியாது. அது ஒன்றுதான் நான் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து.

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று சொல்கிறேன். கோர்ட் பக்கத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். போன மாதம் ஒரு நாள், பெங்களூரில் என்ன படித்தீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். க்யூபிட் என்று ஒரு சின்ன அலுமினிய சர்க்யூட், கடுங்குளிரில் வைத்தால் அணுவைப் போல நடந்துகொள்ளும். அதில் பூஜ்யம் அல்லது ஒன்று இருக்கும். ஒன்று என்றால் அதற்குள் கொஞ்சம் சக்தி இருக்கிறது என்று அர்த்தம். எது இருக்கிறது என்று தெரிய ஒரு கம்பி வழியாக மைக்ரோவேவ் அனுப்பி வாசிக்க வேண்டும். வம்பு என்னவென்றால், வாசிக்கிற அந்தக் கம்பி வழியாகவே சக்தி ஒழுகிவிடும். "ஒன்று" என்று பதில் வருவதற்குள் அது பூஜ்யம் ஆகியிருக்கும். வாசிக்கிற அலை மட்டும் வெளியே வர வேண்டும், க்யூபிட்டின் சக்தி வரக்கூடாது. அதற்காக நடுவில் ஒரு ஃபில்டர் போட்டேன் என்றேன். உங்கள் வீட்டு பேண்டேஜ் துணியைத்தான் உதாரணம் காட்டினேன்: காற்றை விடும், தூசியை விடாது. நீ சொல்லிக்கொடுத்த உதாரணம்தான்.

முன்பெஞ்சில் சுடலைமாடத்தி என்று ஒரு பிள்ளை. நன்றாகப் படிப்பாள். "பொறவு ஏன் மிஸ் வந்துட்டீக?" என்றாள். அடுத்த பாடத்தைத் திறக்கச் சொன்னேன்.

உனக்குக் குழப்பம் என்கிறாய். என் குழப்பத்தைக் கேள். ஜூலை 28, வியாழக்கிழமை. வாசிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே என் க்யூபிட் நாற்பத்திரண்டு மைக்ரோ செகண்ட் தாங்கியது. ஃபில்டர் இல்லாத பழைய சிப் பத்தைத் தாண்டியதில்லை. திரையில் நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய், "ஏட்டி, கலக்கிட்ட!" என்று என் முதுகில் அடித்தாய். ஆடிப்பூரத் தேருக்கு பஸ் பிடிக்கிற அவசரத்தில் நோட்டில் நம்பரை மட்டும் எழுதினேன். அளவீட்டின் கோப்பைச் சேமிக்கவில்லை. ஊருக்கு வந்து, தேர் பார்த்து, திரும்பிப் போய் ஆகஸ்ட் மூன்றாம் தேதி அளந்தால் ஒன்பது. அதே சிப். சிப்பைக் கடுங்குளிரில் வைக்கிற ஃப்ரிட்ஜைச் சூடாக்கவே இல்லை. மறுநாளும் ஒன்பது. அதற்கு மறுநாளும் ஒன்பது.

திங்கட்கிழமை மீட்டிங்கில் சார் கேட்டது உனக்கு மறந்திருக்காது. "நாற்பத்திரெண்டு எங்கிருந்து வந்தது? நீங்களே போட்டுக்கொண்டதா?" நான் உன்னைப் பார்த்தேன். "பொன்னி, நீ பார்த்தியே, சொல்லு" என்றேன். நீ என்ன சொன்னாய்? "சரியா ஞாபகம் இல்ல சார். எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு."

அன்றைக்கு உனக்கு வந்த குழப்பம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

பொய் நம்பர் எழுதியவள் என்ற பெயரோடு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. அதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்த நாற்பத்திரண்டை நான் உண்மையிலேயே பார்த்தேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

ஆனந்தவல்லி

*

இராஜபாளையம்
21 ஜூன் 2025

வல்லி,

பார்த்தாய். நாற்பத்திரண்டுதான். நானும் பார்த்தேன். மற்றதையெல்லாம் அப்புறம் திட்டு, முதலில் இதை நம்பு.

உன் கடிதத்தை மாடியில் வைத்துப் படித்தேன். நடுவில் கீழே போய் தறிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த இரைச்சலில் எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

நான் ஒன்று செய்தேன். நீ தேருக்குப் போன இரண்டாம் நாள், சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை லேபைப் பார்க்க விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் உன் சிப்பின் மற்ற அளவுகளும் வேண்டும் என்று சார் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். உன் வழக்கம் உனக்குத் தெரியும்: பூனையைத் தடவுகிற மாதிரி மெல்லிய சிக்னல் கொடுத்து, ஒரு புள்ளிக்கு ஆயிரக்கணக்கான தடவை வாசித்துச் சராசரி எடுப்பாய். அந்த வேகத்தில் போனால் ஒரு வாரம் ஆகும். நான் வளர்ந்தது தறிக்கூடத்தில். ஷிப்ட் முடிவதற்குள் அளவு காட்ட வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டுவோம், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கருவிகள் அடுக்கிய ரேக்கின் பின்னால் கம்பியோடு நீ திருகி வைத்திருந்த பத்து டிபி அட்டெனுவேட்டரை, சிக்னலைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கிற அந்த விரல்நுனி அளவுத் துண்டை, கழற்றிவிட்டேன். பவர் பத்து மடங்கு ஆனது. இரண்டே நாளில் எல்லா அளவும் முடிந்தது. உனக்கு உதவி என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

திருப்பி மாட்ட மறந்துவிட்டேன்.

நீ வந்து பார்த்தது கம்ப்யூட்டர் திரையை. அதில் பவர் பழைய எண்தான் காட்டும், ரேக்கின் பின்னால் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. நீ தெரியாமலே பத்து மடங்கு பவரில் வாசித்திருக்கிறாய். போன வாரம் ஹாஸ்டல் பெட்டியைப் பிரித்தபோது அந்தத் துண்டு கையில் கிடைத்தது, அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இதைச் சாரிடம் சொன்னால் என் மூன்றாம் அத்தியாயம் போகும். அக்டோபரில் ஜெர்மனியில் வேலைக்குச் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது, அதுவும் போகும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. சர்ச்சில் எனக்காக நன்றி ஜெபம்கூட வைத்துவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

பொன்மணி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
27 ஜூன் 2025

பொன்மணி,

நீ செய்ததற்கு நான் தீர்ப்பு எழுத வேண்டுமா? கோர்ட் பக்கத்தில் வேலை பார்த்தால் ஜட்ஜ் ஆகிவிட மாட்டேன். உன் ஜெர்மனியை என் தலையில் வைக்காதே.

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். பிறகு வந்த கோபத்தில் அம்மாவின் மேல் எரிந்து விழுந்தேன், பாவம், அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்கும் பிறகு நோட்டை எடுத்தேன். மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. ஆகஸ்ட் 3-ஆம் தேதிப் பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "இன்று சிக்னல் மூன்று மடங்கு தெளிவு. தாயார் கருணை!"

படித்துவிட்டுச் சிரித்தேன் என்றால் நம்புவாயா? தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டாளிடம் என்ன வேண்டினேன் தெரியுமா? கல்யாணம், காசு எதுவும் இல்லை, இரைச்சல் குறைந்து சிக்னல் தெளிவாக வர வேண்டும் என்று வேண்டினேன். திரும்பி வந்து பார்த்தால் தெளிவாக வந்தது. வேண்டினேன், கொடுத்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். பவர் பத்து மடங்கு கூடினால் வோல்டேஜ் மூன்று மடங்கு கூடும். மூன்று மடங்கு என்று என் கையாலேயே எழுதிவிட்டு, எழுந்து போய் ரேக்கின் பின்னால் பார்க்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீ கழற்றியது உன் தப்பு. பார்க்காமல் விட்டது என் தப்பு. ஆண்டாளை இதில் இழுத்ததற்கு அவளிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று எனக்கு விளங்கவில்லை. பவர் பத்து மடங்கு கூடினால்தான் என்ன? என் ஃபில்டர் ஒழுங்காக இருந்தால் அப்போதும் க்யூபிட்டின் சக்தி கம்பி வழியாகப் போயிருக்கக் கூடாது. கணக்குப்படி நாற்பதுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். ஒன்பதுக்கு எப்படி விழுந்தது? நீ ஒப்புக்கொண்டதால் நான் பொய் சொல்லவில்லை என்று ஆகிறது. என் ஃபில்டர் நல்லது என்று ஆகவில்லை. மெல்லப் பேசினால் காப்பேன், சத்தமாகப் பேசினால் கைவிடுவேன் என்கிற ஃபில்டரை யார் மதிப்பார்கள்? மூன்று நாளாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், தலை சுற்றுகிறது.

உன்னிடம் இரண்டு கேள்வி.

ஒன்று: பத்திரிகைக்காகப் படித்தவர் கேட்டதேதான், உன் வரைபடம் ஏன் அந்த இடத்தோடு நிற்கிறது? அதற்கு மேல் நீ அளக்கவில்லையா? பாதியில் நிறுத்துகிற ஆள் இல்லையே நீ.

இரண்டு: அந்தத் துண்டைக் கழற்றியது உனக்கு எப்போது ஞாபகம் வந்தது? போன வாரம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. மறுபடி எழுது.

ஆனந்தவல்லி

*

இராஜபாளையம்
5 ஜூலை 2025

வல்லி,

அளந்தேன். அதற்கு மேலும் அளந்தேன்.

மீட்டிங் முடிந்த இரண்டாம் நாள், சார் உன் சிப்பை என் பொறுப்பில் விட்டதும், பவரைப் படிப்படியாக ஏற்றி முழுவதும் ஓட்டினேன். கோப்புகள் எல்லாம் என் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. எண்களை உன் பழைய பவரிலிருந்து ஆரம்பித்துச் சொல்கிறேன். உன் பவரில் நாற்பத்தொன்று. ஐந்து டிபி கூட்டினால் முப்பத்தெட்டு. எட்டில் முப்பத்தாறு. பத்தில் ஒன்பது. பன்னிரண்டில் முப்பத்துமூன்று. பதினைந்தில் முப்பத்திரண்டு.

கடைசி இரண்டையும் படத்திலிருந்து வெட்டிவிட்டேன். கீழே விழுந்தது மறுபடி மேலே ஏறினால் யார் நம்புவார்கள்? ஏதோ கோளாறு என்று வைத்துக்கொண்டேன். நடுவில் இருந்த ஐந்தையும் எட்டையும்கூட "சீராக இல்லை" என்று எடுத்துவிட்டு, இரண்டு முனைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு போட்டேன். கோடு அழகாகச் சரிந்தது. சார் பார்த்துவிட்டு, நல்ல முடிவு என்றார்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. பொய் நம்பர் எழுதியவள் என்று உனக்குப் பெயர். நம்பரை வெட்டியவள் மேசையில் உட்கார்ந்து தீசிஸ் எழுதுகிறாள்.

நாலு தாளில் எல்லா வரைபடத்தையும் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். தபால்காரர் எடை போட்டுக் கூடுதல் ஸ்டாம்பு ஒட்டச் சொன்னார். எனக்கு இதைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை. பத்து டிபியில் மட்டும் ஏன் செத்துச் செத்து விழுகிறது? அதையும் தாண்டிக் கூட்டினால் ஏன் பிழைத்துக்கொள்கிறது? உனக்குப் புலப்பட்டால் எழுது. நீதான் இதில் கெட்டிக்காரி. எப்போதும் நீதான்.

பொன்மணி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
11 ஜூலை 2025

பொன்மணி,

ஏட்டி! அது சரிவே இல்லை, குழி!

தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கத்திவிட்டேன். அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தாள். "என்ன தாயி, தேள் கொட்டிருச்சா?" என்றாள். குழி அம்மா, குழி என்றேன். தரையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

கேள். வாசிக்கிற சிக்னல் உள்ளே போனால் க்யூபிட்டின் சொந்த அதிர்வெண் கொஞ்சம் கீழே நகரும். சிக்னல் கூடக் கூட இன்னும் நகரும். இது நமக்கு முதல் வருஷமே தெரியும். என் மெல்லிய பவரில் அது நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. பத்து டிபி கூட்டினால் எங்கே போய் நிற்கிறது என்று உன் தாள்களை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்த இடத்தில் சரியாக ஒரு பழுது உட்கார்ந்திருக்கிறது. அலுமினியத்தின் மேல்தோலில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு குறை. அதே அதிர்வெண்ணில் எது வந்தாலும் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். இன்னும் பவரைக் கூட்டினால் க்யூபிட் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. அதனால்தான் பிழைக்கிறது. உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ரோட்டில் ஒரே ஒரு பள்ளம் இருக்கிறது என்று வை. வண்டி அதில் இறங்கினால் விழும், முன்னாலும் பின்னாலும் ரோடு நன்றாகத்தான் இருக்கிறது.

சக்தி போனது வாசிக்கும் கம்பி வழியாக இல்லை. என் ஃபில்டர் தன் வாசலை அடைத்துக்கொண்டு ஒழுங்காக நின்றிருக்கிறது. பதினைந்து டிபி கூட்டின பிறகும் முப்பத்திரண்டு! முப்பது மடங்குக்கு மேல் பவரில் வாசித்தும் முப்பத்திரண்டு! நான் நினைத்ததைவிட நல்ல ஃபில்டர் அது. உன் கை பத்தில் நின்றது விதி. எட்டில் நின்றிருந்தால், பன்னிரண்டில் நின்றிருந்தால், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. நான் இந்நேரம் தீசிஸ் முடித்திருப்பேன்.

இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். நிஜமாகச் சொல்கிறேன், வகுப்பில் பிள்ளைகள்கூடக் கேட்டுவிட்டார்கள். பிறகு உன் கடிதத்தை முதலிலிருந்து மறுபடி படித்தேன். இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். முதல் கேள்விக்கு நாலு தாள் வந்திருக்கிறது. இரண்டாவதற்கு ஒரு வரி இல்லை.

சரி, நானே உன் தாளைப் படித்துச் சொல்கிறேன். ஓட்டிய தேதி ஆகஸ்ட் 10, 2022 என்று கோப்பிலேயே இருக்கிறது. அன்றைக்கு என் பழைய பவரில் அளந்து நாற்பத்தொன்று எடுத்திருக்கிறாய். என் பழைய பவர் வேண்டுமென்றால் அந்தத் துண்டை மறுபடி மாட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் அது இல்லை என்று தெரிந்து திரையில் எண்ணைக் குறைத்திருக்க வேண்டும். எப்படி இருந்தாலும் மீட்டிங் முடிந்து இரண்டே நாளில் உனக்கு எல்லாம் தெரியும். நான் ஹாஸ்டலைக் காலி செய்தது இருபதாம் தேதி. பத்து நாள் எனக்கு அடுத்த அறையில் இருந்திருக்கிறாய். என் பெட்டியைப் பஸ் வரைக்கும் தூக்கி வந்தவளே நீதான்.

இப்போது எனக்கு வேண்டியது அதற்கும் முந்தைய இரண்டு நாள். மீட்டிங்கில் நான் உன்னைப் பார்த்துக் கேட்டபோது உனக்குத் தெரியுமா, தெரியாதா? குழப்பமாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதே.

ஆனந்தவல்லி

*

இராஜபாளையம்
19 ஜூலை 2025

வல்லி,

தெரியும்.

நீ என் பக்கம் திரும்பி "சொல்லு" என்றபோது அந்தத் துண்டு என் பையின் முன் ஜிப்பில் இருந்தது. வியாழக்கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ ஒன்பது, ஒன்பது என்று புலம்பிக்கொண்டே டீ குடித்தாயே, அப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது. மாட்டிவிடலாம் என்று போனேன். நீ ரேக்கின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாய். இப்போது மாட்டினால் ஏன் என்று கேட்பாய், சாரிடம் சொல்ல வேண்டிவரும், திட்டு விழும் என்று நினைத்தேன். திங்கட்கிழமை மீட்டிங்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். இதுவரைக்கும் பயம்தான்.

மீட்டிங்கில் நடந்தது பயம் இல்லை. அந்த ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் இருந்தது, அடுத்த ஒரு வருஷம் அது உனக்கு என்று சார் முடிவு செய்திருந்தார். நாற்பத்திரண்டு வந்த அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட்டார். உன் முதுகில் அடித்துக் கலக்கிட்ட என்றேன், உள்ளுக்குள் எரிந்தது. சார் உன்னிடம் நீங்களே போட்டுக்கொண்டதா என்று கேட்டபோது, என் வாய் திறந்தால் ஃப்ரிட்ஜ் உனக்கு, திறக்காவிட்டால் எனக்கு. ஒரு நொடியில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் கொஞ்சமும் குழம்பாத நேரம் அதுதான். குழப்பமாக இருக்கிறது என்றேன்.

பிறகு மூன்று வருஷம் அதையே சொல்லிச் சொல்லி நிஜமாகவே எல்லாம் குழம்பிவிட்டது. மறந்துபோனேன், நேரம் சரியில்லை, நீயே ஊருக்கு வரத்தான் ஆசைப்பட்டாய், இப்படி ஒவ்வொரு வாரமும் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொள்வேன். முதல் கடிதத்தில் நோட்டு கேட்டேனே, அதுகூட நீ என்ன எழுதி வைத்திருக்கிறாய், எனக்கு எதிராக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். நாற்பத்திரண்டை நிஜமாகவே பார்த்தேனா என்று நீ எழுதியிருந்தாயே, அந்த வரிதான் என்னைப் போட்டு அடித்தது. உன் சிப்பை எடுத்துக்கொண்டேன் என்று தெரியும். உன் கண்ணையும் எடுத்துக்கொண்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

புதன்கிழமை சாருக்கு எழுதிவிட்டேன். துண்டைக் கழற்றியது, மீட்டிங், வெட்டிய புள்ளிகள், எதையும் விடவில்லை. குழியைக் கண்டுபிடித்தது நீ என்றும் எழுதினேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. பத்திரிகையிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டேன். மூன்றாம் அத்தியாயம் இல்லாமல் தீசிஸ் நிற்காது, புதிதாக அளந்து எழுத ஒரு வருஷம் ஆகும் என்று சார் சொன்னார். என்னை வைத்துக்கொள்வாரா என்பதே கமிட்டி கூடித்தான் தெரியும். ஜெர்மனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். "அந்தப் பிள்ள இங்கன வந்து நம்ம வீட்டுல சாப்பிட்டிருக்கால்லா?" என்று மட்டும் கேட்டார்.

மன்னிப்பு கேட்கிறேன் வல்லி. வேறு வார்த்தை தெரியவில்லை.

பொன்மணி

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
30 ஜூலை 2025

பொன்மணி,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தேர்க் கூட்டத்தில் வீடு நிறைய விருந்தாளிகள், எழுத உட்கார முடியவில்லை என்று சொல்லலாம். அது காரணம் இல்லை. இந்தப் பதிலுக்காகத்தான் மூன்று வருஷம் காத்திருந்தேன் என்று நினைத்தேன். வந்த பிறகு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நீ பொறாமையில் செய்தாய் என்பது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. எனக்கும் உன்மேல் பொறாமை இருந்தது, உன் வேகத்தின்மேல். வலிப்பது வேறு. இந்த மூன்று வருஷத்தில் நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். சிப்பை, ஃப்ரிட்ஜை, சாரை, ஆண்டாளைக்கூட. எல்லோரையும்விட அதிகமாக என்னை. பரீட்சைத் தாள் திருத்தினால் மூன்று தடவை கூட்டிப் பார்க்கிறேன். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கத் தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறேன். உன்னை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. பயந்தாங்கொள்ளி, மறதிக்காரி என்று திட்டினேனே தவிர, தெரிந்தே செய்திருப்பாய் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. அதை நினைத்தால்தான் ஆத்திரம் தாங்கவில்லை.

சார் போன் செய்தார். மன்னிப்பு கேட்டார் என்று சொல்ல முடியாது, "ஏதோ கம்யூனிகேஷன் சரியில்லாமல் போய்விட்டது" என்றார். பிறகு குழியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார், குரலில் பழைய உற்சாகம் இருந்தது. திரும்பி வரச் சொன்னார். பதிவு ரத்து ஆகவில்லையாம், கட்டணம் கட்டினால் தொடரலாமாம். உடனே சரி என்று சொல்லவில்லை. நாலு நாள் கழித்துச் சொன்னேன். ஆகஸ்ட் கடைசியில் கிளம்புகிறேன். சுடலைமாடத்தியிடம் சொன்னபோது அழுவாள் என்று நினைத்தேன். "அப்பம் போர்ஷன யாரு மிஸ் முடிப்பா?" என்றாள். அவள் உருப்படுவாள்.

கமிட்டி உன்னைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருக்கிறது. பேசாமல் விட்டுவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். நான் வாயைத் திறக்காவிட்டால் நீ போய்விடுவாய். எனக்கும் அது மிகத் தெளிவாகத் தெரிந்தது. கையில் பேனாவை வைத்துக்கொண்டு அந்தத் தெளிவை அனுபவித்தேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு எழுதினேன்: தப்பைச் சொன்னவள் அவளே, சார் கேட்கும் முன்பே, வெட்டிய புள்ளிகளையும் கொடுத்தவள் அவளே, இருக்கட்டும் என்று. உனக்காக எழுதவில்லை. என் கையெழுத்து நடந்ததை நடந்தபடி எழுதும் என்று எனக்கே காட்டிக்கொள்ள எழுதினேன்.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். என்னிடம் இப்போது அது இல்லை. பிறகு வருமா என்றும் தெரியாது. வந்தால் சொல்கிறேன்.

ஆனால் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். கமிட்டி உன்னை இருக்கவிட்டால், நாம் இரண்டு பேரும் ஒரு வருஷம் அதன் முன்னால்தான் உட்கார்ந்தாக வேண்டும். காலையில் நான், மதியத்துக்கு மேல் நீ. நடுவில் ஒரு நோட்டு வைப்போம். எதைத் தொட்டாலும், எதைக் கழற்றினாலும், தேதி போட்டு, நேரம் போட்டு, அதில் எழுதி வை. உன்னிடம் நான் எதுவும் கேட்கமாட்டேன். நீ எழுதியதை முதலில் படிப்பேன். பிறகு எழுந்து ரேக்கின் பின்னால் போய்ப் பார்ப்பேன்.

ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பேன். அதற்கு நீ கோபப்படக் கூடாது.

ஆனந்தவல்லி